செல்ஃப் சுற்றுகிறது, பொறி வரவில்லை

பழைய காரில் செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றியும் எஞ்சின் ஒரு முறைகூடப் பிடிக்காமல் நிற்கும்போது, பெரும்பாலோர் முதலில் பிளக்குகளை மாற்றுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால், பேட்டரியின் வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக்கும் காயிலை மாற்றுகிறார்கள். பிறகு பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை அறுக்கும் சிறு சுவிட்ச்), கண்டன்சர் (பாயின்ட் திறக்கும்போது அங்கே பெரிய பொறி எழாமல் தடுப்பது), ரோட்டர் (உயர் வோல்ட்டைச் சிலிண்டர்தோறும் திருப்பிவிடும் சுழலும் துண்டு) என்று, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் கழற்ற முடிந்த எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் போடுகிறார்கள். இப்படியே போனால் எப்போதாவது கார் ஓடிவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. புதிதாகப் போட்ட உதிரிகளில் ஒன்றே பழுதாக இருந்துவிட்டால், பழைய பழுது நீங்கிய பிறகும் கார் ஓடாமல், இல்லாத ஒன்றைத் தேடி அலைய நேரும். பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார் ஒன்றைப் பல ஆண்டுகளாக நானே பராமரித்து வருகிறேன். பொறி வராத பழுதைப் பிடிக்க ஒரு டெஸ்ட் லேம்பும் (ஒரு கிளிப்பும் ஒரு கூர்முனையும் கொண்ட சிறு விளக்கு), ஒரு மல்டிமீட்டரும், காயிலின் நெகட்டிவ் முனை எது என்கிற தெளிவும் இருந்தால் போதும், உதிரிக் கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், பொறி உண்மையிலேயே வரவில்லையா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சில நொடிகள் செல்ஃப் அடித்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது பெட்ரோலில் நனைந்திருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்பது தெரியும். உலர்ந்திருந்தால் எரிபொருள் வரும் வழியை முதலில் பார்ப்பதே முறை. நனைந்திருந்தால் சந்தேகம் பொறியின் பக்கம் திரும்புகிறது. அப்போது கூடுதலாக ஒரு பிளக்கை, உயர் வோல்ட் கொண்டுவரும் ஹைடென்ஷன் வயரின் நுனியில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சின் பிளாக்கோடு நன்றாக ஒட்டியிருக்கும்படி வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். ஆனால் இந்தச் சோதனையை அரைகுறையாக நம்ப வேண்டும். இப்படிப்பட்ட கார்களில் பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. திறந்த காற்றில் அதைத் தாண்டப் பலவீனமான பொறியும் போதும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையின் நடுவே அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வோல்ட் தேவைப்படுகிறது. அதனால்தான் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பார்க் டெஸ்டரை வைத்து, ஆறு மில்லிமீட்டர் அளவுக்காவது பொறி தாவுகிறதா என்று பார்ப்பதை நான் விரும்புகிறேன். நல்ல பொறி நீலங்கலந்த வெண்மையாக, சட் சட் என்ற ஓசையோடு வரும். மெலிந்து ஆரஞ்சு நிறத்தில் வந்தால் அது வராததற்குச் சமம். பிளக்கைக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும் என்பதால், சோதனையை அந்தத் துளையின் அருகே வைத்துச் செய்யக் கூடாது. வயரை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே நேரத்தில் பொறி நின்றிருந்தால், பழுது எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியில் இருக்கிறது என்று பொருள். நான்கு ஹைடென்ஷன் வயர்களும் ஒரே காலையில் சேர்ந்து அறுந்து போவதில்லை. பேட்டரி, சாவி, காயில், பாயின்ட், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு வயர், ரோட்டர் ஆகியவைதான் பொதுவானவை. இவற்றில் கை வைப்பதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, ரோட்டர் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட். டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருந்தால் ரோட்டர் அசையாது. அப்படியிருந்தால் மின்சாரத்தில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை, வேலை வேறு இடத்தில் காத்திருக்கிறது.

பாயின்ட் முறையின் அடிப்படை அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்தது. 1910ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் இடம்பெற்ற அவருடைய ஏற்பாடு, பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மாற்றமின்றி உலகெங்கும் ஓடியது. காயிலுக்குள் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள், மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள், நடுவில் இரும்பு. பாயின்ட் மூடியிருக்கும்போது தடித்த சுற்றின் வழியே மூன்று நான்கு ஆம்பியர் மின்சாரம் ஓடிக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. பாயின்ட் திறக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிந்து, தடித்த சுற்றிலேயே சில நூறு வோல்ட்டையும், மெல்லிய சுற்றில் இருபதாயிரம் வோல்ட் அளவையும் உண்டாக்குகிறது. மின்சாரம் ஓடும்போது பொறி பிறப்பதில்லை, அது அறுபடும்போதுதான் பிறக்கிறது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மீதிச் சோதனைகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்: தடித்த சுற்றுக்கு மின்சாரம் வருகிறதா, அது முறையாக அறுபடுகிறதா, அறுபட்டதால் எழுந்த உயர் வோல்ட் பிளக் வரை போய்ச் சேர்கிறதா. இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் விடை காயிலின் நெகட்டிவ் முனையில் கிடைக்கிறது.

நெகட்டிவ் முனை என்று நான் சொல்வது பாயின்ட் பக்கம் போகும் முனையை. பேட்டரியின் பாசிட்டிவை எர்த் செய்த (அதாவது காரின் உலோக உடலோடு இணைத்த) மிகப் பழைய கார்களில் இந்தக் குறிகள் தலைகீழாக இருக்கும். சில பழைய காயில்களில் பிளஸ், மைனஸ் குறிகளுக்குப் பதிலாக எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற எழுத்துகள் இருக்கும். முன்னது சுவிட்ச் பக்கம், பின்னது பாயின்ட் பக்கம். ஜெர்மானிய வழக்கப்படி எண் போட்ட காயில்களில் 15 என்பது சுவிட்ச் பக்கம், 1 என்பது பாயின்ட் பக்கம், 4 என்பது ஹைடென்ஷன் வெளிவரும் நடு முனை.

டெஸ்ட் லேம்பின் கிளிப்பை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் கவ்விவிட்டு, முனையைக் காயிலின் நெகட்டிவில் வைத்து, சாவியைப் போட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். சாதாரண இழை பல்பு உள்ள விளக்கே இதற்கு நல்லது. மின்சாரம் அறுபடும் ஒவ்வொரு கணமும் அந்த முனையில் சில நூறு வோல்ட் எழுவதால், டிஜிட்டல் மீட்டரை அங்கே வைத்துச் செல்ஃப் அடிக்க எனக்கு மனம் வருவதில்லை. பாயின்ட் திறந்திருக்கும்போது மின்சாரம் காயில் வழியாக விளக்குக்கு வந்து அது எரியும். மூடும்போது மின்சாரம் பாயின்ட் வழியாகவே எர்த்துக்குப் போய்விடுவதால் விளக்கு அணையும். ஆகவே விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் சாவியிலிருந்து பாயின்ட் வரை எல்லாம் தன் வேலையைச் செய்கிறது, பழுதை அதற்கு அப்பால் தேடலாம். பழுதுப் பட்டியலில் பாதியை இந்த ஒரே சோதனை அடித்துவிடுகிறது. இதைச் செய்யாமல் ஒரு காயிலை வாங்குவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

விளக்கு எரியவே இல்லை என்றால் விளக்கின் முனையைக் காயிலின் பாசிட்டிவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அங்கேயும் இருட்டு என்றால் மின்சாரம் காயிலுக்கே வரவில்லை. ஃபியூஸ், சாவிக்குப் பின்னால் உள்ள சுவிட்ச், நடுவே உள்ள இணைப்புகள், பின்னாளில் யாரேனும் பொருத்திய திருட்டுத் தடுப்புக் கருவி என்று பின்னோக்கிப் போக வேண்டியதுதான். பாசிட்டிவில் எரிந்து நெகட்டிவில் எரியாவிட்டால் இரண்டு காரணங்கள் இருக்க முடியும்: காயிலின் தடித்த சுற்று அறுந்திருக்கலாம், அல்லது நெகட்டிவ் பக்கம் எங்கோ நிரந்தரமாக எர்த் ஆகியிருக்கலாம். நெகட்டிவ் முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் விளக்கை வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும். இப்போது எரிந்தால் காயிலின் தடித்த சுற்று அறுபடவில்லை, எர்த் ஆன இடம் அதற்கு அப்பால் இருக்கிறது. எரியாவிட்டால் காயில்தான் குற்றவாளி. அப்பால் என்னும்போது, ஷார்ட் ஆன கண்டன்சர், உறை உரிந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் உரசும் வயர், திறக்காமலே இருக்கும் பாயின்ட் ஆகியவற்றோடு, பாயின்ட்டை மாற்றிய கை தவறாக அடுக்கிய இன்சுலேட்டர் வாஷர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அண்மையில் பாயின்ட் மாற்றிய காரில் பொறி அறவே இல்லை என்றால் நான் முதலில் பார்ப்பது அந்த வாஷர்களைத்தான். காயிலின் நெகட்டிவ் முனையில், எஞ்சின் வேகம் காட்டும் டேக்கோமீட்டருக்குப் போகும் வயரும் இணைந்திருந்தால், அதையும் கழற்றிவிட்டு ஒரு முறை சோதிக்க வேண்டும். அது எங்கேனும் எர்த் ஆனாலும் பொறி நின்றுவிடும், டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்து எவ்வளவு தேடினாலும் அங்கே எதுவும் அகப்படாது.

செல்ஃப் அடிக்கும்போதும் விளக்கு விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது மூடியும் மின்சாரம் கடக்கவில்லை. நெடுநாள் நிறுத்தி வைத்த காரில் இதுவே மிகச் சாதாரணம். பாயின்ட்டின் முகங்களில் கண்ணுக்குப் புலப்படாத ஆக்சைடு படிந்துவிடும்; புதிய பாயின்ட்டில்கூடத் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்ப் பூச்சு போதும், மின்சாரத்தைத் தடுக்க. நைசான உப்புத்தாளை மடித்து முகங்களுக்கு இடையே இழுத்து, பிறகு சுத்தமான தாள் ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்து இழுத்தால் பல கார்கள் அங்கேயே பிடித்துவிடும். பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் கேமின் உச்சியில் இடைவெளி எவ்வளவு என்பதை அந்தந்தக் காரின் கையேடு சொல்லும். பெரும்பாலும் அது 0.4 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். கேமில் உரசும் பாயின்ட்டின் குதிகால் தேய்ந்தால் இந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் திறக்காமலே போய்விடும்.

பாயின்ட் சுத்தம், இடைவெளியும் சரி, ஆனாலும் விளக்கு அணையவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அந்தச் சிறிய வயரைப் பார்க்க வேண்டும். இது பக்கவாட்டு முனையிலிருந்து பாயின்ட்டுக்கு வரும், விரல் நீளத்துக்கு மேல் போகாத வயர். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு, எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பொறியின் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் இழுக்கும் போதெல்லாம் சில டிகிரி திரும்புவதால், இந்த வயரும் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்கிறது. உறை வெளியே முழுதாக, பளபளப்பாகவே இருக்கும். உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசி இழையும் போன பிறகு பொறி நிற்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு நுனிகளையும் பிடித்து மெல்ல இழுத்தால், அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பராக நீள்வதை விரல் உணரும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தட்டைத் திருப்பினால், ஒரு கோணத்தில் ஒலித்து மறு கோணத்தில் அடங்கும் வயரையும் பிடித்துவிடலாம். மேடேறும்போது திணறுவதும் சமதரையில் ஓடுவதுமாக இருந்த ஒரு கார் சில வாரங்களில் அடியோடு நின்றால், இந்த வயரின் மேல் என் சந்தேகம் பலமாக விழும். தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைக்கும் பின்னல் எர்த் வயருக்கும் இதே கதிதான் நேர்கிறது. மாற்றும்போது மிக மெல்லிய இழைகள் நிறைந்த நெகிழ்வான வயரையே போட வேண்டும்; கைக்குக் கிடைத்த சாதாரண வயர் அதிக நாள் தாங்காது.

காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள கார்களில் இன்னொரு தனி அடையாளம் உண்டு. அவற்றின் காயில் முழுப் பன்னிரண்டு வோல்ட்டில் தொடர்ந்து ஓடுவதற்கானது அல்ல; தடித்த சுற்றின் எதிர்ப்பு ஒன்றரை ஓம் அளவில் இருக்கும், பேலஸ்ட் இல்லாத காயிலில் அது மூன்று ஓம் அளவு. ஓடும்போது பேலஸ்ட் வழியாகக் குறைந்த வோல்ட்டும், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் தனி வயர் வழியாகப் பேட்டரியின் முழு வோல்ட்டும் காயிலுக்குப் போகும். ஆகவே செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டவுடனே அணைந்தால் பேலஸ்ட் அறுந்திருக்கிறது என்றோ, சுவிட்சின் அந்த நிலைக்குரிய தொடர்பு போய்விட்டது என்றோ கொள்ளலாம். இதற்கு நேர்மாறாக, செல்ஃப் அடிக்கும்போது ஒன்றும் நடக்காமல் சாவியை விடும் கணத்தில் மட்டும் ஒரு உதறல் வந்தால் அந்தத் தனி வயரையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். செல்ஃப் இழுக்கும்போது பேட்டரி ஒன்பதரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், காயில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொறி மெலிந்தே வரும்.

விளக்கு ஒழுங்காகச் சிமிட்டியும் பொறி இல்லை என்றால், காயிலின் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, நன்கு காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, நுனியை எஞ்சின் பிளாக்குக்கு ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் சோதிக்கலாம். பாயின்ட் முறைக்கு மட்டும்தான் இது பொருந்தும். இங்கே பொறி இல்லை என்றால் காயிலின் மெல்லிய சுற்று, நடு வயர், கண்டன்சர் மூன்றில் ஒன்று. மெல்லிய சுற்று பொதுவாக ஐயாயிரம் முதல் பதினைந்தாயிரம் ஓம் வரை காட்டும். நடு வயர் கார்பன் வகையானால் அதற்கும் பல ஆயிரம் ஓம் இருக்கும். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. கண்டன்சருக்கு மீட்டரைவிடக் கண்ணே மேல். பாயின்ட்டை மூடிய நிலையில் நிறுத்தி, சாவியைப் போட்டு, காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் பாயின்ட்டைத் தட்டித் திறந்தால் அங்கே மிகச் சிறிய பொறிதான் தெரிய வேண்டும். மஞ்சளாகக் கொழுத்த பொறி பாயின்ட்டில் விழுந்து, நடு வயரில் ஏதோ பெயருக்கு வந்தால் கண்டன்சரின் உள்தொடர்பு அறுந்துவிட்டது. அது வெறும் 0.2 மைக்ரோஃபாரட் அளவு உள்ள எளிய உதிரிதான், ஆனாலும் புதிதாகக் கிடைப்பவற்றில் தரம் ஏறுமாறாக இருப்பதால், ஓடும் காரிலிருந்து கழற்றிய பழைய கண்டன்சர் ஒன்றை நான் எறியாமல் வைத்திருக்கிறேன். இந்தச் சோதனைகளின்போது பாயின்ட் மூடியிருக்கச் சாவியை நெடுநேரம் போட்டு வைத்தால் காயில் சூடேறிக் கெடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நடு வயரில் நல்ல பொறி வந்தும் பிளக்குகளுக்குப் போகவில்லை என்றால் மிச்சம் இருப்பவை மூடியும் ரோட்டரும்தான். மூடியின் உட்புறத்தில் நடுவே ஸ்பிரிங்கில் நிற்கும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு உட்சுவரில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கோ விளிம்புக்கோ ஓடும் கறுப்புக் கோட்டைத் தேட வேண்டும். ஈரம் புகுந்த மூடியில் பொறி குறுக்கு வழி தேடிக்கொண்டு, போகப்போக அந்த வழியைக் கரியாக்கிவிடுகிறது. கரி ஆன பிறகு மூடியை உலர்த்தியும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ரோட்டர் ஏமாற்றுவதில் மூடியையும் மிஞ்சும். அதன் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் அடியில் உள்ள ஷாஃப்டை நெருங்கியிருந்தால், உயர் வோல்ட் அந்த வழியாகவே எர்த்துக்கு ஓடிவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. மூடியைக் கழற்றிவிட்டு நடு வயரின் நுனியை ரோட்டரின் பித்தளைக்குச் சில மில்லிமீட்டர் மேலே பிடித்துச் செல்ஃப் அடித்தால் உண்மை வெளிவரும். நல்ல ரோட்டருக்குப் பொறி தாவ இடமில்லை. தொடர்ந்து பொறி தாவினால் ரோட்டர் உள்ளே கசிகிறது.

பாயின்ட் இல்லாமல், அதன் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூல் வைத்த கார்களிலும் தேடும் வரிசை இதேதான், சில எச்சரிக்கைகள் மட்டும் கூடும். நடு வயரை அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிக்கக் கூடாது. வெளியே தாவ வழியில்லாத உயர் வோல்ட் காயிலுக்குள்ளோ மாட்யூலுக்குள்ளோ தாவிவிடும். அதன் ஆற்றலும் பாயின்ட் முறையைவிட அதிகம் என்பதால் ஸ்பார்க் டெஸ்டர் இல்லாமல் அருகில் போகாதிருப்பதே நல்லது. பாயின்ட்டின் இடத்தில், எப்போது அறுக்க வேண்டும் என்று மாட்யூலுக்குச் சொல்லும் காந்தப் பிக்கப் இருந்தால் இரண்டு வயர்கள் வரும். அதன் சுற்று சில நூறு ஓம் முதல் ஆயிரம் ஓமை ஒட்டிக் காட்டும், செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஏ.சி. அளவில் சிறு வோல்ட் எழும். மூன்று வயர்கள் வந்தால் அது அதே வேலையைச் செய்யும் ஹால் சென்சார்; மின்சாரம், எர்த், சமிக்ஞை என்று ஒவ்வொன்றையும் தனியே பார்க்க வேண்டும். இந்த இரண்டில் காரில் இருப்பது சரியாக இருந்து, காயிலின் நெகட்டிவில் மட்டும் சிமிட்டல் இல்லை என்றால் மாட்யூலைச் சந்தேகிக்கலாம்.

மாட்யூலின் பழுது பெரும்பாலும் சூட்டில்தான் தலைகாட்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு கார் சட்டென்று நிற்கும். பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி பிடிக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் வேளையில் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். இப்படிப்பட்ட காரில் குளிர்ந்த நிலையில் எடுத்த அளவுகளால் ஒரு பயனும் இல்லை. டெஸ்ட் லேம்பையும் ஸ்பார்க் டெஸ்டரையும் காரிலேயே வைத்திருந்து, நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் நெகட்டிவ் முனையைப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் செய்வதானால் முடி உலர்த்தும் கருவியால் முதலில் மாட்யூலை மட்டும், பிறகு பிக்கப்பை மட்டும் என்று தனித்தனியே சூடாக்கி, எதில் பொறி நிற்கிறது என்று பிரிக்கலாம். புது மாட்யூலைப் பொருத்துவதற்கு முன், அது உட்காரும் உலோகப் பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அந்த மாட்யூலுக்கு விதித்த வெப்பம் கடத்தும் பசையை அடியில் மெல்லியதாகத் தடவ வேண்டும். பெரும்பாலும் வந்த பெட்டியிலேயே அந்தப் பசை ஒரு சிறு பொட்டலத்தில் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மாட்யூலை மட்டும் திருகி முடுக்கினால், புதிதும் பழையதைப் போலவே சூட்டில் நிற்கத் தொடங்கும்.